சொத்தைப்பல்லின் முதல் இசைத்தட்டு

ஒசாகா
1981 ஏப்ரல் 19

அன்புள்ள மிட்சுயோ அக்காவுக்கு,

செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்து சாக்கடையில் மிதக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது, அது நோயில்லை, தொழில். நீயும் அத்தானும் குட்டி சிகுசாவும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் மலையில் பனி உருகிவிட்டதா?

சம்பிரதாயம் முடிந்தது. இனி உட்கார்ந்துகொண்டு படி. எங்கள் இசைத்தட்டு வரப்போகிறது! பத்துப் பாட்டு! பழைய புத்தகக் கடை மாடியில் இசைத்தட்டு கம்பெனி நடத்துகிற ஓச்சியாய் அண்ணன் போன வாரம் நாங்கள் பாடியதைக் கேட்க வந்தார். முடிந்ததும் காதைக் குடைந்துகொண்டே, "இத தட்டாப் போட்டா யாரு வாங்குவா?" என்றார். பேஸ் கிதார் வாசிக்கும் மிஹோகோ இருக்கிறாளே, அவள், "ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்றாள். "அப்ப சரி, போட்ருவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்ன மனுஷனோ!

ஆனால் டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லை. அடித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு வீட்டில் வரன் பார்த்தார்கள். பெண்ணின் கையில் காய்ப்பு இருக்கிறதே என்று மாப்பிள்ளையின் அம்மா முகம் சுளித்தாளாம். மறுநாளே இவள் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டாள்.

அக்கா, நீ வா. மூன்றே நாள். சொத்தைப்பல் குழுவை ஆரம்பித்தவளே நீதானே? பெயர் வைத்ததும் நீதான். "புடுங்குற வரைக்கும் வலிச்சிக்கிட்டே இருப்போம்டி" என்று சொன்னது நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் குச்சிகளைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தாயே, அந்தக் கட்டை நான் இன்னும் பிரிக்கவில்லை. சிகுசாவையும் தூக்கிக்கொண்டு வா. அந்தக் கிழவி ஏதாவது கேட்டால் பல்வலி, ஒசாகாவில்தான் நல்ல டாக்டர் என்று சொல். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

உடனே பதில் போடு. போடாவிட்டால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன்.

உன் தங்கை,
கினுகோ


யுதானி வெந்நீர் ஊற்று
அகெபியா விடுதி
1981 மே 11

அன்புத் தங்கை கினுகோவுக்கு,

இளந்தளிர்கள் கண்ணைப் பறிக்கும் பருவத்தில் நீ நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். விடுமுறைக் கூட்டம் ஓய்ந்து விடுதி இப்போதுதான் மூச்சு விடுகிறது. உன் தொண்டைக்கு இஞ்சித் தண்ணீர் குடி.

உன் கடிதம் சேர்ந்தது. மாலையில் என் கண்ணுக்குச் சிரமம் கூடாதென்று அத்தையே உன் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள். அன்று சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதே வாசித்தார்கள். கிழவி என்று வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, மேலே தொடர்ந்தார்கள். அத்தையின் உச்சரிப்பு மிகத் தெளிவானது.

நான் டிரம்ஸ் அடித்தது இங்கே யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. பரவாயில்லை. டிரம்ஸ் என்றால் என்ன என்று சிகுசா கேட்டாள். கோயில் மேளம் மாதிரி என்று அவள் அப்பா சொன்னார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாள் என்பது இப்போது முடியாது. ஓர் இளம் எஜமானி வாசலில் நின்று குனிந்து வரவேற்காத விடுதியும் ஒரு விடுதியா என்று அத்தை சொன்னார்கள். அதுவும் சரிதான். என் கையெழுத்து கோணலாகாமல் இருக்க, உறையை ஒட்டுமுன் என் கடிதங்களையும் அவர்களே பார்த்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவு அக்கறை யாருக்கு வாய்க்கும்?

நீங்கள் நல்ல டிரம்ஸ்காரி ஒருத்தியைத் தேடிக்கொள்ள வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
மிட்சுயோ


ஒசாகா
1981 ஜூன் 14

பெருமதிப்பிற்குரிய தோமி அம்மாள் அவர்களுக்கும் என் அருமை அக்காவுக்கும்,

மழைக்காலத்தின் நீலப் பூக்கள் முகம் கழுவி நிற்கும் இவ்வேளையில் அகெபியா விடுதியில் அனைவரும் பூரண நலத்துடன் இருக்க வேண்டுகிறேன். அடியாளும் நலமே.

சென்ற கடிதத்தில் கிழவி என்று எழுதியது எங்கள் தெருவில் மீன் விற்கும் ஓர் அம்மையாரைப் பற்றி. வரி மாறி விழுந்துவிட்டது. என் கல்வி அவ்வளவுதான். பொறுத்தருள வேண்டும்.

தோமி அம்மாளிடம் ஒரு விண்ணப்பம். தலையைத் தரையில் வைத்துக் கேட்கிறேன். தங்கள் மருமகளைக் கோடைக்காலக் கூட்டம் முடிந்த பிறகு, செப்டம்பரில், மூன்றே நாள் ஒசாகாவுக்கு அனுப்பிவைக்க முடியுமா? எங்கள் அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு இங்கே வந்துபோக வீடு என்று ஒன்று இல்லை. ஆனால் என் அறை இருக்கிறது. சிறியதுதான், இருந்தும் மெத்தை விரித்தால் மூன்று பேர் படுக்கலாம். சிகுசாவுக்குக் கடல் காட்டுவேன்.

அக்கா, உன் தோள் எப்படி இருக்கிறது? சின்ன வயதிலிருந்தே அதற்கு வேலை கொடுக்காவிட்டால் உனக்கு வலிக்குமே. அதை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

தங்கள் பாதம் பணியும்,
கினுகோ


அகெபியா விடுதி
1981 ஜூலை 20

அன்புத் தங்கை கினுகோவுக்கு,

மழை விட்டுச் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. உன் அறையில் காற்றோட்டம் இல்லையே, வெயிலில் வாடாமல் இரு. இங்கே எல்லோரும் நலம்.

உன் கடிதத்தில் அத்தைக்கு மிகுந்த திருப்தி. "பரவால்லியே, வளத்தா இந்தப் பொண்ணு வளரும் போலிருக்கே" என்று சொன்னார்கள். இலையுதிர் காலத்தில் உனக்கு எங்கள் ஊர்ப் பேரிக்காய் அனுப்பப் போகிறார்களாம்.

நீ கேட்டதற்கும் பதில் சொன்னார்கள். நான் எப்போது வேண்டுமானாலும் போகலாம். யாரும் கையைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. சிகுசா மட்டும் இங்கேயே இருப்பாள். "போறவ போகலாம். புள்ள இந்த வீட்டுப் புள்ள" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். ரயிலில் குழந்தை வாடிவிடும் என்ற கவலை அவர்களுக்கு.

பாலத்துக்கு அந்தப் பக்கத்து விடுதியின் மருமகளை உனக்குத் தெரியாது. அவளும் இரண்டு நாளில் வருகிறேன் என்றுதான் பிறந்த வீட்டுக்குப் போனாள். வரும்போது கதவு திறக்கவில்லை. விவாகரத்துத் தாள்களெல்லாம் முத்திரை குத்தித் தயாராக இருந்தன. அவள் மகன் இப்போது வேறொருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறான். நல்ல பையன், என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வான்.

வெயில் வந்துவிட்டதால் தினமும் மெத்தைகளை மாடிக் கைப்பிடியில் காயப்போட்டுப் பிரம்பால் தட்டுகிறேன். விடுதி நிறைய மெத்தை. அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதனால் தோள் நன்றாக இருக்கிறது.

என்னை எதிர்பார்க்காதே, கினு. உடம்பைப் பார்த்துக்கொள்.

மிட்சுயோ


ஒசாகா
1981 ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

வெயில் இன்னும் தணியவில்லை. எல்லோரும் நலம்தானே? முன்னோர் வழிபாட்டு நாளில் அம்மா அப்பா கல்லறையைக் கழுவி, தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். உன் பெயரையும் சொல்லிக் கும்பிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கெட்ட கோபம். உன்மேல்கூட. உடனே பதில் எழுதியிருந்தால் தோமி அம்மாளுக்கு வாசிக்க வாய் கூசியிருக்கும். அதனால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

பாட்டுப் பதிவு செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. ஓச்சியாய் அண்ணன் ஒரு பையனை டிரம்ஸ் அடிக்க அழைத்து வந்தார். ஒவ்வொரு பாட்டுக்கு நடுவிலும் எங்களுக்கு அறிவுரை. மிஹோகோ, "தம்பி, நீங்க வெளிய போய் ஒரு நூடுல்ஸ் சாப்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டாள். ஒன்பது பாட்டு டிரம்ஸ் மெஷினை வைத்து ஒப்பேற்றிவிடலாம். கடைசிப் பாட்டு மட்டும் மெஷினுக்கு வராது. நீ போட்ட பாட்டு அது. நடுவில் டிரம்ஸ்மேல் குச்சிகளை விட்டு ஓடுவாயே, அந்த ஓட்டம் அதற்குத் தெரியாது.

போகட்டும். இனி உன்னை வா என்று கேட்க மாட்டேன். இத்துடன் மிஹோகோவின் பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றும் காலி கேசட் ஒன்றும் வைத்திருக்கிறேன். சிகுசா பாடுவாள் என்று சொன்னாயே, அவள் குரலையாவது அனுப்பு. சித்தி குரல் கரகரவென்று இருக்கும், அவள் குரலாவது நன்றாக இருக்கட்டும்.

கினுகோ


அகெபியா விடுதி
1981 செப்டம்பர் 8

அன்புத் தங்கை கினுகோவுக்கு,

காலையும் மாலையும் காற்றில் குளுமை வந்துவிட்டது. உன் கோபம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

கேசட்டை இத்துடன் அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் சிகுசா பாடியிருக்கிறாள். முயல் பாட்டில் பாதி மறந்துவிட்டது. அத்தை கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை. நான் மெத்தை தட்டும்போது குழந்தை மெஷினை மாடியில் ஓடவிட்டு மறந்துவிட்டாள். வெறும் சத்தம். அழித்துவிட்டு வேறு எதற்காவது பயன்படுத்திக்கொள்.

இன்னொன்று. விடுதி எஜமானி என்றால் தலை கலையாமல் இருக்க வேண்டுமே, அதனால் நான் சனிக்கிழமை தோறும் ஹாருயோவின் சிகையலங்காரக் கடைக்குப் போகிறேன். அவளுக்குப் பத்திரிகை படிக்க ஆசை, இங்கே கிடைப்பதில்லை. உன்னிடம் பழைய பத்திரிகைகள் இருந்தால் அவள் கடைக்கு அனுப்பிவை. விலாசம்: யுதானி, பாலத்தடி. நல்ல பெண், தடிமனான பத்திரிகை என்றால் ரொம்பப் பிடிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மிட்சுயோ


ஒசாகா
1981 செப்டம்பர் 20
(பத்திரிகைக்குள் வைத்து, ஹாருயோவின் கடைக்கு)

என் அக்கா, என் தங்கமே,

நலமா என்று கேட்க மாட்டேன். நீ நலமில்லை. எனக்குத் தெரியும்.

மறுபக்கத்தை நாங்கள் அழிக்கவில்லை. முதலில் மிஹோகோவும் நானும் சாப்பிட்டுக்கொண்டே சும்மா ஓடவிட்டோம். தட், தட் என்று ஒரு சத்தம். யாரோ மெத்தை தட்டுகிறார்கள், அவ்வளவுதான். பிறகு மிஹோகோ மெல்வதை நிறுத்தினாள். "ஏய், இது நம்ம பாட்டுடீ" என்றாள். கடைசிப் பாட்டு, அக்கா! முதல் அடியிலிருந்து முடிவு வரை! ஒரு மெத்தை கனமாக, ஒரு மெத்தை லேசாக, மாற்றி மாற்றி. நடுவில் அந்த ஓட்டம்கூட அப்படியே இருக்கிறது. ஐந்து வருஷமாகக் குச்சியைத் தொடாதவள் அடிக்கிற அடியா அது? நான் அழுதேன். மிஹோகோ பாத்திரம் கழுவப் போகிறேன் என்று எழுந்துபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கே அழுதாள்.

நடுவில் ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு குரல் வருகிறது. "பலமா அடி! பூனையையா தடவுற?" உன் மாமியார்தானே? சரியாகத் தாளத்தில் விழுகிறது. எங்கள் குழுவில் இவ்வளவு நாளாக இல்லாத பாட்டுக்காரி இவள்தான் என்கிறாள் மிஹோகோ.

இந்தச் சத்தத்தையே இசைத்தட்டில் போடப்போகிறோம். அதன்மேல் நான் பாடுவேன். சம்மதம் சொல். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஹாருயோவிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போ.

கினு


யுதானி, ஹாருயோவின் கடையிலிருந்து
1981 அக்டோபர் 3

கினு,

தலையில் சுருட்டை உருளைகளை மாட்டிக்கொண்டு, முடி உலர்த்தும் சூடான மூடிக்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை. பார், எழுத்தெல்லாம் கோணல்.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஐந்து வருஷமாக எல்லோரும் நலம் என்று எழுதி எழுதி, வேறு வார்த்தையே மறந்துவிட்டது. நான் நலமில்லை, கினு. யாரும் என்னை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வாசலில் குனிகிறேன், நிமிர்கிறேன், மறுபடி குனிகிறேன். ராத்திரி அவரிடம் ஏதாவது சொன்னால், "அம்மாகிட்ட கேட்டுக்கோயேன்" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். இந்த வீட்டில் நான் சத்தம் போடலாம் என்று இருக்கிற ஒரே இடம் அந்த மாடிக் கைப்பிடி. அங்கே மெத்தை நான் அடித்த அடியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காது. ஒவ்வொரு நாளும் பத்துப் பாட்டையும் அடித்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவேன். சிகுசா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அது வெறும் மெத்தை தட்டுகிற வேலை.

மெஷினைக் குழந்தை மறந்து வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

எடுத்துக்கொள். போட்டுக்கொள். என் பெயரைப் போடாதே. அத்தையின் குரலை மட்டும் எப்படியாவது எடுத்துவிடு. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் காதில் விழுந்தால் என்னிடமிருந்து பிரம்பைப் பிடுங்கிவிடுவார்கள். அது போனால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

பேரிக்காய் அனுப்பிவிட்டார்கள். வந்ததும் உன் மரியாதைப் பாஷையில் நாலு வரி எழுதிப்போடு. சுருட்டையை அவிழ்க்கிறாள், நிறுத்துகிறேன்.

உன் அக்கா


ஒசாகா
1981 நவம்பர் 23
(பத்திரிகைக்குள் வைத்து, ஹாருயோவின் கடைக்கு)

அக்கா,

குளிர் வந்துவிட்டது, எனக்கோ வியர்க்கிறது. தப்பு நடந்துபோச்சு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டு வந்துவிட்டது. உறையில் எங்கள் மூன்று பேரின் வாய்கள். மூன்றாவது வாய் உன்னுடைய பழைய போட்டோவிலிருந்து வெட்டியது, பல் மட்டும்தான் தெரியும், யாருக்கும் அடையாளம் தெரியாது. உன் பெயர் இல்லை. "டிரம்ஸ்: மலைக்காரி" என்று போட்டிருக்கிறோம். கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு ஓச்சியாய் அண்ணன் முதல் தடவையாகக் காதைக் குடையாமல் உட்கார்ந்திருந்தார். குரலை எடுக்க அவரும் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். ஒரே கேசட்டில் இரண்டும் கலந்து கிடக்கிறது, குரலை வெட்டினால் அடியும் சேர்ந்து போகிறது. ஓட்டம் தொடங்கும் இடமே போய்விடுகிறது. மன்னித்துவிடு, எனக்கு மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். அந்த மலைக்கு எங்கள் தட்டு எங்கே வரப்போகிறது என்று நினைத்தேன்.

வரப்போகிறது. மிஹோகோ அனுப்பிவிட்டாள்.

இவள் காதில் ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு, தலையைப் பாதி மழித்துக்கொண்டு திரிகிறாளே தவிர, கியோத்தோ பட்டுக்கடைக்காரர் மகள்தானே! ஒரு பழம் வந்தால் பதிலுக்கு ஒன்று போகாமல் அவளுக்குத் தொண்டையில் இறங்காது. பேரிக்காய் வந்ததிலிருந்து, "பதில் மரியாத செய்யலியே, செய்யலியே" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. தட்டு வந்த அன்றே நல்ல தாளில் சுற்றி, மடிப்புகூட முறைப்படி மடித்து, தோமி அம்மாள் பெயருக்கே அனுப்பியிருக்கிறாள். இன்று காலை பல் தேய்த்துக்கொண்டே, "ஒரு வழியா கடன் தீந்துச்சுடீ" என்கிறாள். "எந்தக் கடன்?" என்றேன். சொன்னாள். நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். மிஹோகோ இன்னும் அழுகிறாள்.

எப்படியாவது தபால்காரரிடமிருந்து நீயே வாங்கிவிடு. முடியாவிட்டால் எல்லாம் நான் செய்தது, உனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு. அக்கா, உன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றையும் நான் கெடுத்துவிட்டேனா?

கினு


அகெபியா விடுதி
1981 டிசம்பர் 12

திருமதி மிட்சுயோவின் தங்கை கினுகோ அவர்களுக்கு,

ஆண்டின் கடைசி மாதமாகிய இக்குளிர்காலத்தில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் விடுதியில் அனைவரும் நலம். மலையில் பனி முழங்கால் அளவு விழுந்திருக்கிறது.

தாங்கள் அனுப்பிய இசைத்தட்டு கிடைத்தது. சாதாரணப் பேரிக்காய்க்கு இத்தனை பெரிய பதில் மரியாதையை நான் எதிர்பார்க்கவில்லை. பொருளை முழுவதும் அறியாமல் நன்றி சொல்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஆகவே முன்கூடத்தில் இருக்கும் கிராமபோனில் இரண்டு பக்கத்தையும் கேட்டேன். முதல் முறையில் ஒன்றும் புரியவில்லை. எனவே மறுபடியும் கேட்டேன், பின்னர் இன்னொரு முறையும் கேட்டேன். பேத்தி மடியில் உட்கார்ந்து உடன் கேட்டாள்.

கடைசிப் பாட்டில் வருவது என் குரல். அது இவ்வளவு கரகரப்பானது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது என் மாமியாரும் இதே சொற்களைத்தான் அதே மாடியில் என்னிடம் சொன்னார். நானும் பலமாகத்தான் அடித்தேன். அதை யாரும் பதிவு செய்யவில்லை.

மெத்தை உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறோம். மிட்சுயோவின் தோள் குறித்துத் தாங்கள் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். இனி அதற்குப் பூரண ஓய்வு கிடைக்கும். பிரம்பு பழசாகிவிட்டதால் சமையல் அடுப்பில் வைத்துவிட்டோம்.

குளிர்காலம் முழுவதும் வேலை அதிகம். மிட்சுயோவுக்குக் கடிதம் எழுத நேரம் இராது. தங்கள் விசாரிப்புகளுக்கு இனி நானே பதில் எழுதுகிறேன். தங்கள் தெருவில் மீன் விற்கும் அந்தக் கிழவியையும் கேட்டதாகச் சொல்லவும்.

உடல்நலத்தைப் பேணிக்கொள்ளவும்.

தோமி


யுதானி, ஹாருயோவின் கடையிலிருந்து
1982 ஜனவரி 9

கினு,

புது வருஷம் பிறந்துவிட்டது. நீயும் மிஹோகோவும் நலமா? அவளிடம் அழ வேண்டாம் என்று சொல். வளர்ந்த வீடு அப்படி, அவள் என்ன செய்வாள்? உன் பத்திரிகையை ஹாருயோ என் கையில் கொடுப்பதற்கு முந்தின நாளே பார்சல் வந்துவிட்டது. அத்தை அதைப் பிரித்தபோது நானும் அங்கேதான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உறையில் இருக்கும் என் பல்லை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

கத்துவார்கள் என்று காத்திருந்தேன். கத்தவே இல்லை. தட்டைப் போட்டார்கள், முதுகை நிமிர்த்திக் கேட்டார்கள். அந்தக் குரல் வந்த இடத்தில் கை மட்டும் ஒரு தடவை கிமோனோவின் இடுப்புப் பட்டையைத் தொட்டது. மறுநாள் மெஷினுக்குச் சொல்லிவிட்டார்கள். பிரம்பை அடுப்பில் வைக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். வைத்தேன். நன்றாகக் காய்ந்த பிரம்பு, சட்டென்று எரிந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று எழுத மாட்டேன். மெஷின் மூலையில் நின்று ம்ம்ம் என்று முனகும். நான் மெத்தையை அதில் போடுவேன், எடுப்பேன். கை சும்மா தொங்கும். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஓடிவிடலாமா என்று நினைத்தேன், சொன்னால் என்ன. பஸ் நிறுத்தம் வரை போனேன். சிகுசாவின் கையுறை என் பையில் இருந்தது. அது இல்லாமல் அவள் பனியில் விளையாட மாட்டாளே என்று திரும்பிவிட்டேன். நான் வரமாட்டேன், கினு. அவளை விட்டுவிட்டு ஒருநாளும் வரமாட்டேன். இது உனக்குத் தெரியட்டும்.

இப்போது நடந்ததைக் கேள். புத்தாண்டு அன்று உறவுக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அரிசிக் கொழுக்கட்டை சூப் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சு ஓய்ந்த ஒரு நேரத்தில் டக், டக் என்று சத்தம். சிகுசா இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளையும் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தைத் தட்டுகிறாள். பெரியவர்கள் முகமெல்லாம் வெளுத்துவிட்டது, அதுவும் புத்தாண்டு நாளில்!

"கிண்ணத்த தட்டாத. பசிச்ச பேயெல்லாம் வந்துரும்" என்றார்கள் அத்தை.

"வரட்டும் பாட்டி. சூப்பு இன்னும் இருக்குல்ல?" என்றாள் சிகுசா.

அத்தை அவள் கையில் ஓர் அடி வைத்தார்கள். அவள் அழவில்லை. பாட்டி தேநீர் எடுத்துக் குடிக்கும்வரை காத்திருந்தாள். மறுபடி தொடங்கினாள். அப்போதுதான் எனக்குக் காது திறந்தது. கடைசிப் பாட்டு, கினு. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு அவளுக்குப் பாடம் பண்ணி வைத்ததே அத்தைதான். ஓட்டம் வரும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, இங்க எப்டி ஓடணும்? எனக்கு வரல" என்றாள்.

அவள் அப்பா சூப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதட்டி நிறுத்த வேண்டியவள் நான்தானே. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து, குச்சிகளைக் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு, "இப்டி ஓடணும்" என்று அடித்துக் காட்டினேன்.

ஓடிக்கொண்டே இருந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

அத்தை எழுந்தார்கள். அடி விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன், கையை நிறுத்தவில்லை. அவர்கள் நேராகப் போய், விடுதியில் தங்கியிருக்கும் விருந்தினருக்குக் கேட்காதபடி நடைப்பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார்கள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்கள். நிறுத்து என்று சொல்லவில்லை. பலமாக அடி என்றும் சொல்லவில்லை. பாட்டு முடியும்வரை நாங்கள் இரண்டு பேரும் அடித்தோம்.

அன்றிலிருந்து யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்திய வீட்டில்தான் இருக்கிறேன், இனியும் இருப்பேன். தோள் நன்றாக வலிக்கிறது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் கொடுத்த ஒரு செய்தித்தாள் கட்டு உன்னிடம் இருக்கிறதே, பிரிக்காமல் வைத்திருப்பதாக எழுதினாயே. அதை அப்படியே அனுப்பிவிடு. ஹாருயோவின் கடைக்கு வேண்டாம். வீட்டு விலாசத்துக்கே அனுப்பு, என் பெயர் போட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மிட்சுயோ